கேள்வி-பதில்: மூக்குக் கம்பியைப் பார்த்து வாங்குங்க

அண்ணே, கம்பத்துல இருந்து தினமும் ஜீப்புல ஏலத்தோட்ட வேலைக்குப் போறோம். வண்டிக்கு 15 பேரு. தொற்று பரவுதுன்னு மாஸ்க் இல்லாம ஏத்த மாட்டேங்குறாங்க. குமுளியில ஒரு கடையில 'என்95'னு சொல்லி 80 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. பேசினாலே மூக்குக்குக் கீழ இறங்கிருது, கண்ணாடியெல்லாம் ஆவி படியுது. சரக்கு மட்டமா, எனக்குப் போடத் தெரியலையா?
– வாசகி, கம்பம்

ரெண்டும் இருக்கலாம்மா. கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால், நீங்கள் விடும் மூச்சு துணி வழியாகப் போகாமல் மூக்கோரச் சந்து வழியாக மேலே ஏறுகிறது. உள்ளே இழுக்கும் காற்றும் அந்தச் சந்து வழியாகத்தான் வரும். அப்புறம் நடுவில் எத்தனை அடுக்கு இருந்து என்ன?

முதலில் மாஸ்க்கின் மேல் ஓரத்தில் இருக்கும் மூக்குக் கம்பியைப் பாருங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூரை மாதிரி மடிந்து, ரெண்டு பக்கமும் சந்து விழும். ரெண்டு கை ஆள்காட்டி விரலாலும் மூக்குத் தண்டிலிருந்து கன்னம் வரைக்கும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அழுத்திய கம்பி விரலை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டால் அது வெறும் பிளாஸ்டிக். அந்த மாஸ்க்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போட்ட பிறகு ரெண்டு உள்ளங்கையாலும் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்கோ காதுக்கோ காற்று அடித்தால் இன்னும் சரியாக உட்காரவில்லை.

'என்95' என்று அச்சடிக்க மை இருந்தால் போதும். அமெரிக்கத் தர ஒப்புதல் பெற்ற அசல் என்95-க்குத் தலைக்குப் பின்னால் போகும் ரெண்டு பட்டை இருக்கும். காதில் மாட்டுவது அந்த வகை இல்லை. நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 9473. அதில் எஃப்.எஃப்.பி.2 என்று போட்டிருப்பது ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். முன்னால் வால்வு வைத்தது வேண்டாம். அது உங்களுக்குச் சுகம். நீங்கள் விடும் மூச்சோ வடிகட்டாமல் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்குப் போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை இதைப் பற்றி மாநிலங்களுக்கு எழுதியது.

80 ரூபாய் கட்டுப்படாது என்றால் மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும், ஆனால் இறுக்கிப் போட வேண்டும். காது எலாஸ்டிக்கை மாஸ்க் ஓரத்தோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்தில் துருத்தும் மடிப்பை உள்ளே செருகுங்கள். 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பொம்மைத் தலையை இருமவைத்துச் சோதித்தது. சும்மா மாட்டிய மாஸ்க் 56 சதவீதத் துகளைத் தடுத்தது. முடிச்சுப் போட்டுச் செருகியது 77 சதவீதம். அந்த முடிச்சுக்குக் காசு கிடையாது.

பெட்டி வாங்கினால் ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள். நடுவில் காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளை அடுக்கு இருக்க வேண்டும். அந்த அடுக்கில் உள்ள மின்னூட்டம்தான் பொடித் துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பில் அலசினாலும் சானிடைசர் அடித்தாலும் அது போய்விடும். துவைத்துத் துவைத்துப் போடுவது மிச்சம் இல்லை, வீண்.

மழை இல்லாதபோது ஜீப் படுதாவைச் சுருட்டிவிடச் சொல்லுங்கள். டீ குடிக்கத் தாடைக்கு இறக்காமல், காது எலாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றிக் காகிதக் கவரில் வையுங்கள்.

இதே மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு ஏலத்துக்கு மருந்தடிக்கலாமா?
– அதே வாசகி

கூடாது. இது பொடியைத் தடுக்கும், மருந்து ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த கவசம் வேறு. அதைத் தோட்டத்துக்காரர் வாங்கித் தர வேண்டும், நீங்கள் இல்லை.

எம்.ஆர்.பி. 200 போட்ட பெட்டிக்கு 260 வாங்கிட்டாங்க. கடை கேரளாவுல, வீடு உத்தமபாளையத்துல. எங்க போய் முறையிடுறது?
– வாசகர், உத்தமபாளையம்

பில் இருக்கிறதா? மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பெட்டியையும் போட்டுவிடாதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றதற்கு நடவடிக்கை எடுப்பது கடை இருக்கும் பக்கத்து எடையளவுத் துறை, அதாவது கேரளத்துடையது. (நம் பக்கம் அந்த வேலையைத் தொழிலாளர் துறை பார்க்கிறது; அங்கே போய் நின்றால் எல்லை தாண்ட முடியாது என்பார்கள்.) பணம் திரும்ப வேண்டும் என்றால் மலையேற வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குத் தேனி. 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 60 ரூபாய்க்கு அவ்வளவு தூரமா என்றால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். 2020 மார்ச்சில் மூன்றடுக்கு மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு போட்ட உத்தரவு அந்த ஜூன் வரைக்கும்தான். அதைக் கடைக்காரரிடம் காட்டிச் சண்டை போடாதீர்கள். பெட்டியில் அச்சிட்ட விலையைக் காட்டுங்கள்.