சங்கச் சண்டையும் பிள்ளைகளின் வயதும்: கேள்வி பதில்

கேள்வி (ஒரு அம்மா): சார், விளையாட்டுச் சங்கத் தேர்தல் தகராறில் என் மகளின் போட்டி தள்ளிப்போகிறது. ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

பதில்: பொறுக்க முடியாதும்மா. வயதுப் பிரிவில் போன வருஷம் போனதுதான். மல்யுத்தத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவார்கள். 2003இல் பிறந்தவருக்கு 20 வயதுக்குட்பட்ட பிரிவில் 2023தான் கடைசி ஆண்டு. அந்த ஜனவரியில் சம்மேளனத் தலைவர்மேல் புகார் சொல்லி வீராங்கனைகள் போராட, இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தின் வேலைகளை மத்திய விளையாட்டு அமைச்சகம் நிறுத்தியது. ஆகஸ்டில் உலக அமைப்பும் இடைநீக்கம் செய்தது, தேர்தல் நடத்தவில்லை என்று. டிசம்பர் 21 அன்று ஒருவழியாகத் தேர்தல் முடிந்தது. வந்த நிர்வாகம் 15, 20 வயதுப் பிரிவுத் தேசியப் போட்டிகளை ஆண்டு முடிவதற்குள் நடத்துவதாக அவசரமாக அறிவிக்க, போதிய அவகாசம் தரவில்லை என்று 24ஆம் தேதி அமைச்சகம் அதையும் இடைநீக்கியது. பதக்கம், சான்றிதழ், அதை நம்பியிருந்த கல்லூரி இடம், வேலை எல்லாமே அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்விக்குறி. 2024 ஜனவரியில் நூற்றுக்கணக்கான இளம் வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான்.

கேள்வி: அப்படியானால் போராடிய வீராங்கனைகள்மேல்தானே தப்பு?

பதில்: இல்லவே இல்லை. அவர்கள் சொன்னது பாலியல் சீண்டல் புகார். அதை விசாரித்தே ஆகவேண்டும். விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும், பிள்ளைகளின் போட்டியை வேறொரு குழு நடத்தட்டும் என்று உறுதியாக ஏற்பாடு செய்யாததுதான் குற்றம். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

கேள்வி: கால்பந்திலும் இப்படி நடந்ததாமே அண்ணா?

பதில்: ஆமாம் தம்பி. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு அமைத்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்டில் ஃபிஃபா தடை போட்டது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பை இந்தியாவில்! ஆகஸ்ட் 26ஆம் தேதியே தடை நீங்கியதால் அந்தப் பெண்கள் தப்பித்தார்கள். கோகுலம் கேரளா பெண்கள் அணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆசியக் கிளப் போட்டிக்குத் தாஷ்கண்ட் போய் இறங்கியும் ஆட முடியவில்லை.

கேள்வி: புதுச் சட்டம் உதவுமா?

பதில்: 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில் தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. நல்லதுதான். ஆனால் தீர்ப்பு வரும்வரை ஜூனியர் போட்டிகள் நிற்காமல் நடக்கவேண்டும், அதுதான் என் முதல் கோரிக்கை.

கேள்வி (ஒரு அப்பா): எங்கள் மாவட்டத்தில் ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கம். எதில் சேர்ப்பது?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால், மத்திய அமைச்சகம் அங்கீகரித்த தேசியச் சம்மேளனத்தோடு எந்தச் சங்கம் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இணைப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், பையனை எந்தக் கோஷ்டியின் கூட்டத்துக்கும் அழைத்துப் போகாதீர்கள்.