மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காட்டுங்கள்

கோண்டாவில் வாசகிக்கு,

நீங்கள் உங்கள் செக்கப் ரிப்போர்ட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: "மாசி மாதம் இரண்டு நாள் கொஞ்சம் இரத்தம் பட்டது. உடம்புச் சூடுதான் என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன், பார்மசியில் சொல்லி ஒரு குளிசையும் வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது."

உங்களுக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் என்கிறீர்கள். அப்படியென்றால் இதைச் சூடு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு இரத்தம் பட்டால், அது ஒரு சொட்டானாலும், நோ இல்லாமல் வந்து தானாக நின்றிருந்தாலும், காரணம் பார்த்தே ஆக வேண்டும். வெந்தயம் கெடுதி செய்திருக்காது. அந்தக் குளிசைதான் எனக்குக் கவலை. இரத்தத்தை நிறுத்தக் கொடுப்பது பெரும்பாலும் ஹோர்மோன் குளிசை. அது இரத்தத்தை நிறுத்திவிடும், காரணம் உள்ளே அப்படியே இருக்கும். இப்படித்தான் உங்களுக்கு மூன்று மாதம் வீணாகிவிட்டது. தயவுசெய்து இனி இதற்குப் பார்மசியில் எதுவும் கேட்காதீர்கள்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று விளங்குகிறது. 47 வயதில் குடலில் புற்றுநோய் வந்த அம்மாவைக் கிளாலிக் கடல் தாண்டி மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் நீங்கள். அந்த வருத்தம் தனக்கும் வருமோ என்ற நினைப்பு அவ்வளவு இலகுவில் போகாது. அந்த நினைப்பில்தான் கனடாத் தங்கச்சி காசு அனுப்ப, 'ஃபுல் பொடி செக்கப்' செய்திருக்கிறீர்கள். இப்போது கொழும்புக்குப் போய் இன்னும் பெரிய பக்கேஜ் செய்வதா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். செக்கப் என்பது எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு, ஒளிந்திருப்பதைத் தேட. உங்களுக்கு அறிகுறி வந்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியது அதற்கான காரணத்தைத் தேடுவது. அது வேறு வேலை, அதற்கு வேறு பரிசோதனை.

'கான்சர் மார்க்கர் எல்லாம் நார்மல்' என்று, புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்த்த அளவுகளை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஆறுதல் தேட வேண்டாம். கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தொடங்கும் காலத்தில் அந்த அளவுகள் நார்மலாக இருப்பது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் செய்த பப் பரிசோதனையும் இங்கே உதவாது. அது கருப்பைக் கழுத்தைப் பார்ப்பதற்கானது, உட்சுவருக்கு அதை நம்ப முடியாது.

இப்போது பயத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். உங்களைப் போல இரத்தம் பட்டு வரும் பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஹோர்மோன் குறைந்து சுவர் மெலிந்து காய்ந்திருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ந்திருக்கும். மற்றப் பக்கத்தால் பார்த்தால், கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்த, மாதவிடாய் நின்ற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரத்தம் பட்டிருக்கும். அதாவது இந்த நோய் பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. நேரத்துக்குக் கண்டுபிடித்தால் கருப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சையோடு பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். தள்ளிப்போட்டால்தான் அது பரவுகிறது.

என்ன செய்வார்கள்? முதலில் உள்ளே பார்த்துக் கருப்பைக் கழுத்தைச் சோதிப்பார்கள். பிறகு யோனி வழியாக ஒரு ஸ்கான். அதில் உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவென்றால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதைவிடத் தடிப்பாக இருந்தாலோ, மெலிதாக இருந்தும் திரும்ப இரத்தம் பட்டாலோ, மெல்லிய குழாய் ஒன்றால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது சில நிமிட வேலை, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இனி ரிப்போர்ட்டில் 'நார்மல்' எல்லைக்கு வெளியே போன அளவுகளுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டார்கள். ஆய்வுகூடத்தில் 'நார்மல்' எல்லை என்று போடுவது, பெரும்பாலும், சுகமாக இருக்கும் 100 பேரில் நடுவில் வரும் 95 பேரின் அளவை. மிச்ச 5 பேரும் சுகமானவர்கள்தான். ஒருவருக்கு இருபது பரிசோதனை செய்தால், ஒரு நோயும் இல்லாமலே ஒரு ஸ்டாராவது விழும் வாய்ப்பு 60 வீதத்துக்கு மேல். உங்களுக்கு நாற்பது செய்திருக்கிறார்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர் 32 உங்கள் வயதுக்குச் சரி. நடுச்சாமத்தில் இன்டர்நெட்டில் தேடி 'இரத்தப் புற்றுநோய்' வரை போயிருக்கிறீர்கள், அதை இன்றோடு விடுங்கள். சிறுநீரகத்தில் உள்ள நீர்க்கட்டி சாதாரணமானது என்று ஸ்கான் எழுதியவரே எழுதியிருக்கிறார். மூட்டு நோ இல்லாதபோது யூரிக் அசிட் கொஞ்சம் கூடியதற்கு மருந்து தேவையில்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைத்தான் நான் வட்டம் போட்டிருப்பேன். வெறும் வயிற்றில் சீனி 118. அது நீரிழிவு இல்லை, அதன் வாசல். எடை 78 கிலோ, ஈரலில் கொழுப்பு. இவை இரத்தத்தோடு சம்பந்தமில்லாதவை அல்ல. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமன் செய்ய முன்பிருந்த மற்ற ஹோர்மோன் இப்போது இல்லை. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. அப்புறம், நாற்பது பரிசோதனை செய்த ரிப்போர்ட்டில் பிரஷர் எங்கேயும் இல்லை! உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பிரஷர், சீனி, எடை எல்லாம் சுகவாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகமும் பார்ப்பார்கள். ஆனால் அது இரண்டாவது வேலை.

முதல் வேலை இந்தக் கிழமைக்குள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரியோ, எது வசதியோ அங்கே போய்ப் பெண் நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அவசரமென்றால் வி.ஓ.ஜி (பெண் நோயியல் நிபுணர்) ஒருவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுங்கள். போனதும் "வயிற்று நோ" என்று தொடங்க வேண்டாம். வெட்கத்தில் எங்கள் பெண்கள் பலர் அப்படித் தொடங்கி, காஸ்ட்ரைட்டிஸ் குளிசையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். "எனக்கு மாதவிடாய் நின்று ஐந்து வருடம், மாசியில் இரத்தம் பட்டது" என்பதே முதல் வசனமாக இருக்கட்டும். பெண் டொக்டர் வேண்டுமென்றால் கேட்கலாம். குளிசையின் காலி மட்டையையும், வேறு என்ன குளிசை போடுகிறீர்களோ அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: அம்மாவின் வருத்தம், அவருக்கு அப்போது இருந்த வயது. குடல் வேறு, கருப்பை வேறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சில குடும்பங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். தாய்க்கு அந்த வயதில் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு 40 வயதிலிருந்தோ, தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தோ, எது முந்தியதோ அப்போதிருந்தே கமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது இன்னும் செய்யவில்லை, கிளினிக்கில் அதற்கும் கடிதம் கேளுங்கள். உங்கள் தங்கச்சி கனடாவில் இருப்பதால் அவருக்கு இது இன்னும் இலகு. இன்றைக்கே அவருக்குக் கோல் எடுத்து, அம்மாவுக்கு 47 வயதில் குடலில் வந்தது என்று தன்னுடைய டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.