சட்டம் கேளுங்கள்: ஃபெலனி என்றால் கொலையா?

கேள்வி: என் பெறாமகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் கிரீன் கார்டில் (நிரந்தர வதிவிட அனுமதியில்) இருக்கிறான். வேலை செய்த கடையில் 3,000 டொலர் பெறுமதியான சாமான் எடுத்தான் என்று பிடித்து, 'ஸ்டேட் ஜெயில் ஃபெலனி' என்று வழக்குப் போட்டிருக்கிறார்களாம். ஃபெலனி என்றால் கொலை மாதிரி என்று யாரோ சொல்ல, அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
– ஒரு சின்னம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அக்காவுக்கு ஒரு பிடி சோறு கொடுங்கள். ஃபெலனி என்பது ஒரு குற்றத்தின் பெயர் இல்லை. டெக்சாஸில் சின்னக் குற்றங்களை மிஸ்டிமீனர் என்பார்கள், அதற்குக் கூடிப்போனால் ஒரு வருட மறியல். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஃபெலனி, அதில் ஐந்து படி. உங்கள் பெறாமகன் நிற்பது ஆகக் கீழ்ப்படியில்: 180 நாள் முதல் 2 வருடம் வரை. அதற்கு மேலே மூன்றாம் டிகிரிக்கு 2 முதல் 10 வருடம், இரண்டாம் டிகிரிக்கு 2 முதல் 20, முதலாம் டிகிரிக்கு 5 முதல் 99 வருடம் அல்லது ஆயுள். உச்சியில் இருப்பது கேப்பிட்டல் ஃபெலனி, மரண தண்டனை அங்கேதான்.

களவு எந்தப் படியில் விழும் என்பதைப் பெரும்பாலும் பொருளின் பெறுமதிதான் தீர்மானிக்கும். 2,500 டொலரைத் தொட்டால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 30,000 என்றால் மூன்றாம் டிகிரி. உங்கள் ஆள் கோட்டைத் தாண்டியது 500 டொலரால், அதனால் அவனுடைய வழக்கறிஞர் முதலில் பிடிக்க வேண்டியது அந்த 500-ஐத்தான். 3,000 என்பது கடைக்காரர் சொன்ன கணக்கா, அன்றைய சந்தை விலையா? 2,500-க்குக் கீழே இறங்கினால் அது ஃபெலனியே இல்லை.

நம் இலங்கையில் இப்படி ஒரு ஏணி கிடையாது. 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஒவ்வொரு பிரிவும் தன் தண்டனையைத் தானே சொல்லும்: சாதாரண களவுக்கு 3 வருடம் வரை, குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 7 வருடம் வரை. பிடியாணை இல்லாமல் பிடிக்கலாமா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதெல்லாம் 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதனால்தான் நம் சனம் ஆளைப் பிடித்தவுடன் 'பிணை வருமா' என்று கேட்கிறது, அங்கே 'எந்தப் படி' என்று கேட்கிறார்கள்.

சரி, எனக்கு மறியலைவிடப் பெரிய பயம் வேறு. முதல் தடவை என்றால், 'குற்றத்தை ஒப்புக்கொள், தீர்ப்பைத் தள்ளி வைக்கிறோம், சில வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கு போய்விடும்' என்று அங்கே ஒரு வழி காட்டுவார்கள். கேட்க இனிப்பாக இருக்கும், டெக்சாஸ் சட்டப்படி அது குற்றத்தீர்ப்பும் இல்லை. ஆனால் குடிவரவு மத்திய அரசின் கையில், அவர்கள் அதையும் தீர்ப்பாகத்தான் எடுப்பார்கள். களவு வழக்கில் ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறை என்று எழுதப்பட்டால், அது ஒத்திவைத்த தண்டனையாக இருந்தாலும், நாடுகடத்தல் வரை போகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இந்த ஆபத்து இருக்கிறது என்று வழக்கறிஞர் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே குடிவரவு தெரிந்த ஒருவரைக் கேட்காமல் பிள்ளை ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கக்கூடாது. இன்றிரவே கோல் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: முதலாம் டிகிரி பெரிதா, மூன்றாம் டிகிரி பெரிதா? தீக்காயத்தில் மூன்றாவதுதானே மோசம்?
– உயர்தர மாணவன், கிளிநொச்சி

பதில்: குற்றத்தில் தலைகீழ், தம்பி. எண் குறையக் குறையத் தண்டனை ஏறும். பொலிஸ் அடியை 'தேர்ட் டிகிரி' என்பார்களே, அது வேறு கதை, அதை இதில் கொண்டுவந்து குழப்பாதீர்கள்.

கேள்வி: என் இரண்டு பசுவைக் கொண்டுபோய் வெட்டிவிட்டார்கள். பற்றைக்குள் தலையும் தோலும்தான் கிடந்தன. அமெரிக்காவில் மாட்டுக் களவுக்குப் பத்து வருடம் என்று மருமகன் சொல்கிறார், மெய்யா?
– பண்ணையாளர், ஒட்டுசுட்டான்

பதில்: டெக்சாஸில் மெய். பசுவோ குதிரையோ ஒன்றே ஒன்றைக் களவெடுத்தாலும், விலை என்னவாக இருந்தாலும் மூன்றாம் டிகிரிக்குக் குறையாது, அதாவது 10 வருடம் வரை. மேலே சின்னம்மாவின் பெறாமகன் 3,000 டொலர் சாமானுக்குக் கீழ்ப்படியில் நிற்கிறான், 400 டொலர் கன்றை அவிழ்த்தவன் அவனுக்கு மேல்படியில். ஆடு என்றால் எண்ணிக்கை பார்ப்பார்கள், ஒரே தடவையில் பத்து போனால்தான் அந்தப் படி. மாட்டை நம்பிப் பிழைத்தவர்களின் நாடு, சட்டத்திலும் அது தெரிகிறது. 1877-இல் தொடங்கிய மாட்டுப் பண்ணையாளர் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது, மாட்டுக் களவைத் துப்புத்துலக்க அதிகாரம் பெற்ற தனி ஆட்களையே வைத்திருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இங்கே 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி மாட்டை ஏற்றிப்போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால் முறைப்பாட்டில் 'மாடு காணாமல் போனது' என்று மட்டும் எழுத விடாதீர்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பாதையால் வாகனம் போனது என்று அயலில் கண்டவர் யாரும் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். தோல் இன்னும் கிடக்கிறதா? புதைத்துவிடாதீர்கள். குறிசுட்ட பக்கத்தைக் கழுவி, வெயிலில் வைத்து, கிட்டவும் எட்டவும் நாலு படம் எடுங்கள். அந்தக் குறிதான் மாடு உங்களுடையது என்று நீதவானுக்குச் சொல்லப் போகிறது.