மகள் போட்ட வரைபடமும் அப்பாவின் கவலையும்

அன்புள்ள ஐயா,

"பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. லீவு விட்டாலும் லேப்டாப்பும் கையுமாக விக்கிப்பீடியா எண்களை வைத்துப் படம் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இதற்கு யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டு, மகள் போட்ட படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அதை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். தனியார் தளங்கள் பெரும்பாலும் தங்கள் பார்வைக் கணக்கை முழுமையாக வெளியே விடுவதில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையோ அதை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவை எந்த நாட்டில் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று உலகப் படத்தில் நிறம் தீட்டியிருக்கிறாள். இந்தியா அடர் நீலம், மற்றதெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. சிங்கப்பூரைத் தேடினேன், கண்ணில் படவே இல்லை. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு அது. ஆனால் உலகப் படத்தில் ஊசிமுனை அளவுகூட வராது. கனடாத் தமிழர்களில் பெரும்பாலோர் டொராண்டோ பக்கம் இருக்கிறார்கள், படத்திலோ வடதுருவப் பனி வரைக்கும் நீலம் ஏறியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு உலகப் படத்தைவிட, நாடுகளை வரிசைப்படுத்திப் பட்டைகளாகக் காட்டும் விளக்கப்படமே பொருத்தம். உலகப் படம்தான் வேண்டுமென்றால் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் வட்டங்கள் போடலாம். அப்புறம், பார்வைகளை அந்தந்த நாட்டுத் தமிழர் தொகையால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படமே மாறிவிடும்.

தலைப்பில் 'வாசகர் எண்ணிக்கை' என்று போட்டிருக்கிறாள். அது தவறு. ஒருவரே பத்துப் பக்கம் திறந்தால் கணக்கில் பத்து ஏறும். 'பக்கப் பார்வைகள்' என்று மாற்ற வேண்டும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் திறப்பதைத் தனியாகப் பிரித்தே தருகிறார்கள், அதை விலக்கினாளா என்றும் கேளுங்கள். நேர்முகத் தேர்வில் இந்த இடத்தைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொன்று, இந்திய எல்லைக்கோடு. இணையத்தில் கிடைக்கும் பல இலவசக் கோப்புகளில் காஷ்மீர் எல்லை வேறாக இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் எல்லையோடு ஒத்துப்போகாத படத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சரி, வேலைக்கு வருவோம். எண்ணைப் படமாக்கி விளக்கத் தெரிந்த தரவுப் பகுப்பாய்வாளர் வங்கிக்கும் வேண்டும், மருத்துவமனைக்கும் வேண்டும், செய்தி நிறுவனத்துக்கும் வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியோடு, வரைபடம் தயாரிக்க இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளையும் பழகட்டும். டேராடூனில் இஸ்ரோவின் கீழுள்ள, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயக் கற்றுத்தரும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, சேரலாம். 18 வயது ஆகிவிட்டதால் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கும் விண்ணப்பிக்கலாம். புதியவர்கள் திறந்தமூல மென்பொருளுக்கு நிரல் எழுதிப் பழக 2005 முதல் கூகுள் நடத்தும் திட்டம், உதவித்தொகை உண்டு, விக்கிமீடியாவும் பல ஆண்டுகள் அதில் பங்கெடுத்திருக்கிறது. காசு கட்டி மூன்று நான்கு சான்றிதழ் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஒரு படத்தை முழுமையாக முடித்து, எப்படிச் செய்தாள் என்பதையும் ஒரு பக்கம் எழுதி வைத்தாலே போதும், விண்ணப்பத்தோடு காட்டலாம்.

திருத்திய படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர் தெரிகிறதா என்று முதலில் பார்க்கிறேன்.