சவுண்ட்பாரும் ஒயர்லெஸ் சப்வூஃபரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சவுண்ட்பாருடன் (டிவிக்கு அருகே வைக்கும் நீள ஸ்பீக்கர்) சேர்ந்து வந்த ஒயர்லெஸ் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி) இதுவரை நன்றாக வேலை செய்தது. அண்மையில் டிவியை வேறு அறைக்கு மாற்றி, எல்லாவற்றையும் புதிதாக அடுக்கிவைத்த பிறகு சப்வூஃபரிலிருந்து ஒலியே வரவில்லை. பின்பக்கத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. சவுண்ட்பாரில் எந்தக் குறையும் தெரியவில்லை. சப்வூஃபர் பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் பழுதாகியிருக்காது. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சப்வூஃபருக்கு மின்சாரம் வருகிறது, உள்ளே இருக்கும் ரேடியோப் பகுதி வேலை செய்கிறது, அது தன் சவுண்ட்பாரைத் தேடிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் பிடிபடவில்லை என்பதே அதன் பொருள். சப்வூஃபர் தொடர்பாக எந்தக் குறை வந்தாலும் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளாமல் இந்த விளக்கைப் பார்ப்பதே நல்லது. விளக்கே எரியவில்லை என்றால் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு எரிந்தால் இரண்டு கருவிகளுக்கும் இடையிலான இணைப்பைப் பார்க்க வேண்டும். நிலையாக எரிந்தும் ஒலி வரவில்லை என்றால் இணைப்பை விட்டுவிட்டு ஒலி அமைப்புகளுக்குப் போக வேண்டும். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாம்சங்கின் பல மாடல்களில் நிலையான நீலமும், எல்ஜியின் பல மாடல்களில் நிலையான பச்சையும் இணைப்பு கிடைத்துவிட்டதைக் காட்டும். சிவப்பு பொதுவாக ஓய்வு நிலையைக் குறிக்கும்.

ஒயர்லெஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஒயரே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இல்லாமற்போவது ஒலியைக் கொண்டுசெல்லும் ஒயர் மட்டுமே. சப்வூஃபருக்குள் தனி ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் அதற்கென்று ஒரு பிளக் கட்டாயம் வேண்டும்.

முதலில் எளிய வழியைச் செய்துபாருங்கள். இரண்டு கருவிகளின் பிளக்குகளையும் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, சப்வூஃபருக்கு முதலில் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு சவுண்ட்பாரை இயக்குங்கள். ஒரே பெட்டியில் வரும் சவுண்ட்பாரும் சப்வூஃபரும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்யப்பட்டவை என்பதால், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பக்கத்து வீட்டிலும் இதே மாடல் இருந்தால் அவர்கள் பார்க்கும் படத்தின் வெடிச்சத்தம் உங்கள் சப்வூஃபரில் கேட்காமல் இருப்பதற்கும் இந்த அறிமுகமே காரணம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அடையாள எண் உண்டு.

அதற்கும் பிடிபடவில்லை என்றால் கையால் இணைக்க வேண்டும். சப்வூஃபரின் பின்புறத்தில், பெரும்பாலும் விளக்கின் அருகிலேயே ஒரு பட்டன் இருக்கும். சாம்சங்கில் அதன் மேல் ஐடி செட் என்றும், எல்ஜியில் பேரிங் என்றும், சோனியில் லிங்க் என்றும், ஜேபிஎல்லில் கனெக்ட் என்றும் எழுதியிருக்கும். சில மாடல்களில் அது பட்டனாகத் தெரியாமல் சிறு துளையாக உள்ளடங்கியிருக்கும். அப்போது பேனா முனையால் அழுத்த வேண்டும். ஏறத்தாழ ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு முன்பைவிட வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். பலர் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். சப்வூஃபர் தயாராகிவிட்டது என்பதை மட்டுமே அந்த வேகமான சிமிட்டல் சொல்கிறது. அதே நேரத்தில் சவுண்ட்பாரையும் தேடவைத்தால்தான் இரண்டும் சந்திக்கும். சாம்சங்கின் பல மாடல்களில் சவுண்ட்பாரை ரிமோட்டால் அணைத்துவைத்து, பிளக்கைப் பிடுங்காமல், ரிமோட்டின் மேல்நோக்கிய பட்டனை ஐந்து விநாடி அழுத்த வேண்டும். வேறு சிலவற்றில் சவுண்ட்பார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் சிலவற்றில் மெனுவுக்குள் சென்று தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் இணைப்பு கிடைக்காது என்பதால் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். கையேடு தொலைந்திருந்தால், சவுண்ட்பாரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அதைத் தேடினால் கையேடு கிடைத்துவிடும்.

இந்த வேலையைச் செய்யும்போது சப்வூஃபரை சவுண்ட்பாருக்கு ஒரு மீட்டர் அருகில் கொண்டுவந்து வையுங்கள். இணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்கி அதன் இடத்துக்கு எடுத்துச் செல்லலாம், நினைவு அழியாது. அருகில் வைத்தபோது இணைந்து, பழைய இடத்துக்குப் போனதும் மீண்டும் சிமிட்டினால், குறை அந்த இடத்தில் இருக்கிறது. இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன. வைஃபை ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய எல்லாமே அந்த அலைவரிசையில்தான் இருக்கின்றன. ரூட்டரின் மேலேயோ ஒட்டியோ சப்வூஃபரை வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இரும்பு அலமாரி அந்த அலையை மறைக்கும், தண்ணீர் அதை உறிஞ்சும். இடையில் பெரிய மீன்தொட்டி இருந்தால் அதையும் சந்தேகிக்கலாம். அறையை மாற்றியபோது இவற்றில் ஏதோ ஒன்று நடுவில் வந்திருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: சப்வூஃபர் இல்லாத சவுண்ட்பார் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் ஒயர்லெஸ் சப்வூஃபரை அதனுடன் இணைக்க முடியுமா? புளூடூத் வழியாகவாவது முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் தனக்கென்று ஒரு முறையில் ஒலியை அனுப்புகிறது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்கள்கூட ஒன்றையொன்று ஏற்காமல் போவதுண்டு. அதனால், எந்தெந்த சவுண்ட்பாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் உங்கள் மாடல் எண் இருப்பதைப் பார்க்காமல் சப்வூஃபரை மட்டும் தனியாக வாங்காதீர்கள். புளூடூத்தில் வேறொரு சங்கடம் உண்டு. சாதாரண புளூடூத் ஒலி பல நேரங்களில் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தி வரும். டிரம்மின் அடி சவுண்ட்பாரில் ஒரு முறையும் சப்வூஃபரில் சற்றுப் பிந்தி இன்னொரு முறையும் கேட்டால் அதைப் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் சவுண்ட்பாரின் பின்னால் சப் அவுட் என்று எழுதிய துளை இருந்தால் மட்டும் கதை வேறு. ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய எந்த நிறுவனத்தின் சப்வூஃபரையும் அதில் கேபிள் போட்டு இணைக்கலாம்.

கேள்வி: சப்வூஃபரின் விளக்கு நிலையாக எரிகிறது. ஆனால் செய்தி பார்க்கும்போது அதன் மேல் கைவைத்தால் அசைவே இல்லை. திரைப்படங்களிலும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. டிவியையும் சவுண்ட்பாரையும் ஆப்டிகல் கேபிளால் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. செய்தியின்போது சப்வூஃபர் அமைதியாக இருப்பது குறையே அல்ல. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரையும், பெண் குரலின் அதிர்வு 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையும் இருக்கும். சப்வூஃபரின் முக்கிய வேலை அதற்கும் கீழே இருக்கிறது. செய்தி வாசிப்பவரின் குரல் சப்வூஃபரிலிருந்து கணீரென்று கேட்டால்தான் அதன் அளவை மிகையாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பேஸ் கிட்டாரும் டிரம்மும் தெளிவாக ஒலிக்கும் ஒரு பாட்டைப் போட்டு, சப்வூஃபர் பெட்டியில் இருக்கும் குழாய்போன்ற வாய்க்கு எதிரே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் காகிதம் முன்னும் பின்னும் படபடத்தால் கருவி நலமாக இருக்கிறது. அந்த வாய் இல்லாத மாடலாக இருந்தால் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாலே அதிர்வு தெரியும்.

அடுத்து ரிமோட்டைப் பாருங்கள். பொது ஒலியளவைத் தவிர சப்வூஃபருக்கென்று தனி அளவு பெரும்பாலான மாடல்களில் உண்டு. யாரோ ஒரு நாள் இரவில் அதைக் குறைத்துவிட்டு மறந்திருக்கலாம். அதை நடு அளவில் வைத்துத் தொடங்குங்கள். நைட் மோட் இயங்கிக்கொண்டிருந்தால் உரத்த ஒலிகளை அது அடக்கிவிடும், அதனால் வெடிச்சத்தங்களெல்லாம் சுருங்கிப்போகும்.

திரைப்படத்தில் பேஸ் குறைவதற்கு டிவியின் அமைப்பும் காரணமாகலாம். 5.1 ஒலி என்பதில் வரும் அந்த .1 தாழ்ந்த ஒலிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனிப் பாதை. டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவத்தில் அது 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைச் சுமக்கிறது. டிவியின் டிஜிட்டல் ஆடியோ வெளியீடு பிசிஎம் என்று வைக்கப்பட்டிருந்தால், பல டிவிகள் 5.1 ஒலியை இரண்டு பாதைகளாகச் சுருக்கித்தான் ஆப்டிகல் கேபிளில் அனுப்பும். அப்படிச் சுருக்கும்போது .1 பாதை வழக்கமாக விட்டுவிடப்படுகிறது. மற்றப் பாதைகளில் இருக்கும் தாழ்ந்த ஒலியை சவுண்ட்பார் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பிவிடுவதால் ஒலி அடியோடு நின்றுபோகாது, ஆனால் படத்தை உருவாக்கியவர்கள் தனியாகச் சேர்த்த உறுமல் வந்துசேராது. நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. அந்த அமைப்பைப் பிட்ஸ்ட்ரீம் என்றோ ஆட்டோ என்றோ மாற்றுங்கள். டால்பி டிஜிட்டல் 5.1 ஆப்டிகல் கேபிளிலேயே செல்லும், அதற்காகப் புதுக் கேபிள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கருவிகளிலும் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதற்கு மாறுவதையே நான் விரும்புவேன். டிவி ரிமோட்டாலேயே சவுண்ட்பாரின் ஒலியளவை மாற்ற முடிவது ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

கேள்வி: சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் ஒன்றுமே இல்லை. எழுந்து வாசற்படியருகே போனால் காது அடைக்கிறது. சப்வூஃபரை எங்கே வைத்தால் சரியாக இருக்கும்? சோபாவுக்குப் பின்னால் மறைவாக வைக்கலாமா?

பதில்: இதில் கருவியின் குற்றம் எதுவுமில்லை, அறையின் குற்றம்தான். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 43 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒரு தாழ்ந்த ஒலியின் அலைநீளம் அதனால் 8 மீட்டர் வரும். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த அலையின் பாதி கச்சிதமாக அடங்குவதால், சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி அங்கேயே நின்று ஆடத் தொடங்கும். வாளித் தண்ணீரை ஆட்டினால் ஓரங்களில் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அதிகம் மாறாது. இங்கும் சுவரோரங்களில் அழுத்தம் மிகும், அறையின் நட்டநடுவில் அந்த ஒலி ஏறக்குறைய மறைந்துபோகும். உங்கள் சோபா நடுவிலும் வாசற்படி ஓரத்திலும் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். சோபாவைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினாலே மாற்றம் தெரியும்.

நகர்த்த இடமில்லை என்றால் சப்வூஃபருக்கு இடம் தேடுவதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றினாலும் பலன் தரும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், சோபாவின் மேலேயே, சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபரை வைக்க முடியும் என்று தோன்றும் இடங்களிலெல்லாம் தலையைத் தாழ்த்தித் தரையருகே கேட்டுப்பாருங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே வலுவுடன், உப்பாமலும் மறையாமலும் கேட்கிறதோ அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்பினால், அங்கே கேட்டதையே இங்கே கேட்பீர்கள். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் இடம் மாற்றினால் முடிவு மாறாது என்பதால்தான் இது பலிக்கிறது. அறை மூலையில் வைத்தால் பேஸ் கூடும், ஆனால் அங்கே கூடுவது பெரும்பாலும் ஒரே சுரத்தில் முழங்கும் பேஸ். எனக்கு அது பிடிப்பதில்லை.

சோபாவுக்குப் பின்னால் வைக்க வேண்டாம். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது என்பதால் எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று பலர் சொல்வார்கள். பெரிய ஸ்பீக்கர்கள் உள்ள அமைப்பில் அது உண்மை. ஒல்லியான சவுண்ட்பாரின் சின்னஞ்சிறு ஸ்பீக்கர்களோ அவ்வளவு கீழே இறங்காததால், பல மாடல்களில் 120 ஹெர்ட்ஸ், சிலவற்றில் அதற்கும் மேலே உள்ள ஒலியைக்கூட சப்வூஃபரே சுமக்கிறது. அந்த உயரத்தில் திசை தெரியும், கனத்த ஆண் குரலின் அடிப்பகுதி முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றும். அதனால் டிவி இருக்கும் பக்கத்திலேயே, சவுண்ட்பாருக்கு இடப்புறமோ வலப்புறமோ இரண்டு மூன்று மீட்டருக்குள் இடம் தேடுவது நல்லது. பெட்டியின் வாய் சுவரை நோக்கியிருந்தால் பத்து சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: படம் தொடங்கும்போது முதல் சில விநாடிகள் சப்வூஃபர் ஒலிப்பதில்லை. இரவில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதால் இப்படி ஆகிறதா?

பதில்: அதுவும் காரணமாகலாம். மின்சாரம் வந்ததும் சப்வூஃபர் சவுண்ட்பாரைத் தேடிப் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். பிளக்கை அப்படியே விட்டுவைத்தாலும் நீண்ட நேரம் ஒலி வராதபோது அது தானாகவே ஓய்வுக்குப் போய், அடுத்த ஒலி வந்த பிறகே விழித்துக்கொள்ளும். ஓய்வு நிலையில் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. வெளியூர் போகும்போதும் இடி மின்னலின்போதும் பிடுங்கினால் போதும். தினமும் பிடுங்குவதுதான் உங்களுக்கு மனநிறைவு என்றால், படத்தைத் தொடங்கும் முன் சப்வூஃபரின் விளக்கு நிலையாக எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.