ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட்டுக்கு இரண்டாவது வாக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை? மக்கள் தீர்ப்பை மறுபடி கேட்பது தவறா?

தவறே இல்லை. பிரிட்டன் மக்கள் 1975இலேயே வாக்களித்து, 67 சதவீத ஆதரவுடன், ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். 2016இல் நடந்ததே அந்தத் தீர்ப்பை மறுபடி கேட்டதுதான். அதனால் "ஒருமுறை கேட்டாச்சு, இனி கேட்கக் கூடாது" என்ற வாதத்துக்குப் பெரிய பலம் கிடையாது. காரியம் கெட்டது வேறு இடத்தில்.

2016 ஜூன் 23 வாக்குச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய ராஜ்யம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா என்று ஒரே ஒரு கேள்வி. கீழே இரண்டு கட்டம். ஏதாவது ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். முதலில் "நீடிக்க வேண்டுமா? ஆம், இல்லை" என்றுதான் எழுதியிருந்தார்கள். அது ஒரு பக்கம் சாய்கிறது என்று தேர்தல் ஆணையம் சொன்ன பிறகு மாற்றினார்கள். அவ்வளவு கவனமாகச் செதுக்கிய கேள்வியிலும், வெளியேறினால் உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியம் என்ன ஆகும், அயர்லாந்து எல்லையில் சோதனைச்சாவடி வருமா என்பதற்கெல்லாம் இடமில்லை. வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1. ஸ்காட்லாந்தில் மட்டும் பார்த்தால் 62 சதவீதம் நீடிக்கவே விரும்பியது.

2018 நவம்பரில் பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 585 பக்கம். ஒற்றை வரிக்கு வாக்களித்தவர்களிடம் அந்த 585 பக்கத்தைக் காட்டி, "இதற்குத்தான் சம்மதித்தீர்களா?" என்று கேட்பது நியாயமான கோரிக்கை. டென்மார்க் 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை வாக்கெடுப்பில் நிராகரித்தது. நான்கு விலக்குகள் பெற்ற பின் 1993இல் 56.7 சதவீதத்தோடு ஏற்றது. அயர்லாந்து 2008இல், ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கைக்கு இல்லை என்றது. சில உறுதிமொழிகள் கிடைத்த பின் 2009இல் 67 சதவீதம் ஆம் என்றது. இரண்டு இடத்திலும் இடையில் ஏதோ ஒன்று மாறியது, அதை முன்வைத்து அரசே மக்களிடம் போனது. பிரிட்டனில் மறுவாக்கெடுப்பு கேட்டவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் இருந்தார்கள், அரசு மறுத்தது. அரசு முன்வராமல் வாக்கெடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நகர்வது மிகக் கடினம்.

சட்டம் இல்லாமல் ஒரு வாக்குச்சீட்டுகூட அச்சடிக்க முடியாது. மசோதா நிறைவேற வேண்டும், கேள்வியைத் தேர்தல் ஆணையம் சாதாரண வாக்காளர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும், பிறகு பிரச்சாரத்துக்குப் பத்து வாரம். எல்லாம் சேர்ந்து குறைந்தது 22 வாரம் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அரசியலமைப்பு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முதல் வாக்கெடுப்புக்காக 2015இல் அரசே முன்னின்று கொண்டுவந்த மசோதாவுக்கே மே மாதக் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பிடித்தது. இதில் 16 வயதினருக்கு வாக்கு உண்டா என்ற சண்டையும் சேர்ந்தால் இன்னும் இழுக்கும்.

கேள்வி இதைவிடச் சிக்கல். ஒப்பந்தத்தோடு வெளியேறுவது, ஒப்பந்தமில்லாமல் வெளியேறுவது, நீடிப்பது என்று மூன்று வழி இருந்தன. மூன்றையும் சீட்டில் போட்டால், உதாரணத்துக்கு 36, 33, 31 என்று பிரிந்தால், 36 வாங்கியது ஜெயிக்கும். 64 பேர் அதை வேண்டாம் என்றவர்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எழுதவைக்கலாம் என்று முன்னாள் அமைச்சர் ஜஸ்டின் கிரீனிங் யோசனை சொன்னார். இரண்டை மட்டும் போட்டால், விடுபட்ட தரப்பு முடிவை ஏற்கவே ஏற்காது. இதில் எது வேண்டும் என்று மறுவாக்கெடுப்பு கேட்டவர்களே கடைசிவரை ஒரே குரலில் சொல்லவில்லை. என் பார்வையில் அவர்களுடைய மிகப் பெரிய தவறு அதுதான்.

2019 ஏப்ரல் 1 அன்று மக்களவையில் எண்ணிக்கை மிக நெருங்கியது. எந்த ஒப்பந்தமானாலும் மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 280, எதிர்ப்பு 292. ஏழு பேர் மாறி வாக்களித்திருந்தால் நிறைவேறியிருக்கும். அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான், ஆனாலும் காற்று திசை மாறியிருக்கும். எதிர்த்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தொழிற்கட்சியினர். வெளியேற வாக்களித்த தொகுதிகளின் உறுப்பினர்கள் அதில் பலர். பத்து நாளில் ஐரோப்பிய ஒன்றியம் வெளியேறும் நாளை அக்டோபர் 31 வரை தள்ளி அவகாசம் தந்தது. கிட்டத்தட்ட 29 வாரம். 22 வாரக் கணக்கு அதற்குள் தாராளமாக அடங்கும். அந்த வாரங்கள் வீணாயின. வாக்கெடுப்பு வேண்டுமா என்று மக்களவையே முடிவு செய்யட்டும் என்று மே மாதம் தெரேசா மே ஒரு கதவைத் திறந்தார். சொந்தக் கட்சி கொதித்தது, மூன்றே நாளில் பதவி விலகலை அறிவித்தார். ஜூலை 24 அன்று போரிஸ் ஜான்சன் பிரதமரானபோது மிச்சம் இருந்தது 14 வாரம்.

2019 டிசம்பர் பொதுத்தேர்தல் இதற்கு முடிவு கட்டியது. ஆளும் கன்சர்வேடிவும் பிரெக்சிட் கட்சியும் சேர்ந்து வாங்கியது சுமார் 46 சதவீதம். ஆனால் எதிர்த்தரப்பு வாக்கு தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி என்று சிதறியது. தொகுதிக்கு ஒருவர் முறையில் கன்சர்வேடிவுக்கு 365 இடம்.

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு வெளியேறும் வரை, விலகல் அறிவிப்பைப் பிரிட்டன் தானாகவே திரும்பப் பெற்றிருக்கலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. பழைய சலுகைகளோடு உறுப்பினராகவே இருந்திருக்கும். இன்று மறுபடி சேர வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 27 நாடுகளும் ஒப்ப வேண்டும். யூரோ நாணயத்திலிருந்து முன்பு இருந்த விலக்கு தானாகத் திரும்பி வராது.