வாசகர் கேள்வி–பதில்: ஆப்பிரிக்க சிக்லிட்கள் ஏன் சில மட்டுமே கிடைக்கின்றன?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளைச் சேர்ந்த, தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சிக்லிட் குடும்ப மீன்கள் கிடைப்பதையும் கிடைக்காததையும் பற்றியவை என்பதால், அவற்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மலாவி ஏரியில் மட்டும் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் வாழ்வதாகப் படிக்கிறோம். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் எலக்ட்ரிக் யெல்லோ, ரெட் ஜீப்ரா, கென்யி, அவுராட்டஸ் என்று அதே சில மீன்கள்தான் கண்ணில் படுகின்றன. மற்றவை ஏன் வருவதில்லை?

பதில்: ஓர் இனம் ஏரியில் எவ்வளவு மிகுதியாக வாழ்கிறது என்பதற்கும் அது கடைத் தொட்டிக்கு வந்து சேர்வதற்கும் தொடர்பு மிகக் குறைவு. நீங்கள் பார்க்கும் சிக்லிட்களில் மிகப் பெரும்பாலானவை ஏரியைக் கண்டதே இல்லை. பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை. எனவே எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பண்ணையாளரின் கணக்குதான். அந்தக் கணக்கில் முதலில் பார்க்கப்படுவது குஞ்சின் நிறம்.

எலக்ட்ரிக் யெல்லோ என்று அழைக்கப்படும் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ் இதற்கு நல்ல சான்று. இதன் மஞ்சள் வடிவம் மலாவி ஏரியின் மேற்குக் கரையில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே வாழ்கிறது. ஏரியின் பிற இடங்களில் இதே இனம் வெண்மையாகவோ வெளிர்நீலமாகவோ இருக்கிறது. அவ்வளவு குறுகிய இடத்தில் அடங்கிய மீன் உலகெங்கும் தொட்டிகளில் நிறைந்திருப்பதற்குக் காரணம், அதன் குஞ்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்திலேயே மஞ்சளாகிவிடுவதும், ஆணும் பெண்ணும் ஒரே நிறத்தில் இருப்பதும், பாறை மீன்களாகிய மற்ற ம்புனாக்களைப் போல இது ஓயாமல் சண்டையிடாததும்தான். கென்யியின் குஞ்சுகள் நீல நிறம். அவுராட்டஸின் குஞ்சுகள் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை. வளர்ந்த பிறகு இவ்விரண்டும் தொட்டியில் பிற மீன்களை வாழவிடாத முரடர்களாகிவிடும். ஆனால் விற்பனைக்கு வருவது குஞ்சுதானே! புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குபவருக்கு இவ்விரண்டையும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

இவற்றுக்கு நேர் எதிரானவை ஏரியின் திறந்த நீரிலும் மணற்பரப்பிலும் வாழும், ஹேப் என்று வளர்ப்போர் பொதுவாகக் குறிப்பிடும் மீன்கள். கோபடிக்ரோமிஸ், புரோட்டோமெலாஸ் போன்ற பேரினங்களில் ஆண் முழு நிறம் பெறுவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது. அதுவரை எல்லாக் குஞ்சுகளும் மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும், பெண் மீனோ கடைசிவரை அப்படியே இருந்துவிடும். ஃபோஸோரோக்ரோமிஸ் ராஸ்ட்ராட்டஸ் என்ற மணல் மீன் ஓர் அடி நீளத்தை நெருங்கக்கூடியது. அது குஞ்சாக இருக்கும்போது அதன் அழகை விளக்கிச் சொல்ல யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். இத்தகைய மீன்கள் கிடைக்காமல் போவதில்லை, ஆனால் கடையில் கிடைப்பதில்லை. இவற்றைத் தனியே வளர்த்துப் பெருக்கும் ஆர்வலர்களிடமிருந்துதான் பெற வேண்டும்.

ஏரியின் ஆழத்தில் வாழும் டிப்ளோடாக்ஸோடான் போன்றவற்றின் கதை வேறு. சிக்லிட்டின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே திறப்பு இல்லாததால், ஆழத்திலிருந்து சட்டென்று மேலே கொண்டுவந்தால் பை உப்பி மீன் இறந்துவிடும். அதனால் பிடித்தவர்கள் மீனைக் கூண்டில் வைத்துக் கட்டம் கட்டமாக, சில நாட்கள் எடுத்துக்கொண்டு மேலே உயர்த்துகிறார்கள். ஆழம் கூடக் கூட இந்த உழைப்பும் இழப்பும் கூடுவதால், கேட்பார் குறைவான மீனுக்காக யாரும் அந்த வேலையில் இறங்குவதில்லை.

கேள்வி: பல நிற சிக்லிட்கள் கலந்து நீந்திய தொட்டியிலிருந்து சில மீன்களை வாங்கினேன். அவை என்ன இனம் என்று கடையில் சொல்லத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. காரணம் உங்கள் கண்ணோ கடைக்காரரின் அறிவோ அல்ல. அவற்றில் பல எந்த இனமும் அல்ல என்பதுதான். மலாவி ஏரியின் பீகாக் மீன்களாகிய அவுலோனோகாரா பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் நீலம், மஞ்சள், செம்மஞ்சள் என்று இனத்துக்கு இனம் வேறுபட்டிருந்தாலும், பெண்கள் அனைத்தும் சாம்பல் கலந்த பழுப்பில் மங்கிய பட்டைகளுடன், தேர்ந்தவரும் குழம்பும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டு மூன்று இனங்களை ஒரே குளத்தில் விட்டால் அவை தமக்குள் கலந்து, வளமான குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சுகளுக்கு யார் என்ன பெயர் வைத்தாலும் அது ஊகமே.

ஓ.பி. (ஆரஞ்சு பிளாட்ச்) பீகாக் என்ற பெயரில் விற்கப்படும், கறுப்புத் திட்டுகள் சிதறிய மீன் ஏரியில் எங்குமே இல்லை. திட்டுகள் கொண்ட ம்புனாவை அவுலோனோகாராவுடன் கலந்து மனிதர் உருவாக்கியது அது. அதைத் தொட்டியில் வைத்து ரசிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நலமாக வாழும், பார்க்கவும் அழகு. ஆனால் அதன் குஞ்சுகளையும் கலப்புத் தொட்டியில் பிறந்த பிற குஞ்சுகளையும் ஏதோ ஓர் இனத்தின் பெயரிட்டு மற்றவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். உண்மையான இனங்கள் அரிதாகிப்போவதற்கு, அவற்றின் பெயரைத் தாங்கிய கலப்பினங்கள் பெருகுவது ஒரு முக்கியக் காரணம்: பெயர் எங்கும் கிடைக்கிறது, மீன் கிடைப்பதில்லை.

கேள்வி: நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத பீகாக் குஞ்சுகள் அனைத்தும் முழு நிறத்துடன் விற்பனைக்கு வந்திருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவில் ஒரு தொட்டி முழுவதும் நிறம் பெற்றிருந்தால், தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். ஹார்மோன் நின்றதும் நிறம் மங்கும். பெண் மீன்களுக்கும் நிறம் ஏறியிருப்பதால் ஆண் எது பெண் எது என்று தெரியாது. பல மீன்கள் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போகும்.

கேள்வி: டாங்கன்யிகா ஏரியின் ட்ரோஃபியஸ், ஃப்ரண்டோசா போன்றவை தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கின்றன என்கிறார்கள். பிறகு ஏன் அவை இவ்வளவு அரிதாக இருக்கின்றன?

பதில்: குஞ்சு பொரிப்பது உண்மை, எத்தனை குஞ்சுகள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏழு மில்லிமீட்டர் வரை பருத்த முட்டைகளை இடும் ட்ரோஃபியஸ் பெண், அவற்றை வாய்க்குள் வைத்து ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாத்து, முடிவில் ஐந்து முதல் பதினைந்து குஞ்சுகளையே வெளியிடுகிறது. வளர்ந்த ம்புனா ஒரே முறையில் நாற்பது ஐம்பது குஞ்சுகளைக் கூடத் தரும். தவிர, ட்ரோஃபியஸை இரண்டு மூன்றாக வளர்த்தால் வலியது எளியதைக் கொன்றுவிடும் என்பதால் பன்னிரண்டு, பதினைந்து மீன்கள் கொண்ட கூட்டமாகவே வைக்க வேண்டும். பாசி தின்று பழகிய அதன் நீண்ட குடலுக்குப் பொருந்தாத தீவனமும் இடமாற்றத்தின் அதிர்ச்சியும் சேர்ந்தால், வயிறு வீங்கும் நோய் வந்து கூட்டமே மடியக்கூடும். ஃப்ரண்டோசாவோ ஓர் அடி வளரும். இனப்பெருக்கத்துக்குத் தயாராக மூன்றாண்டுகள் வரை ஆகலாம். இத்தனை காலம் பெரிய தொட்டியை ஒதுக்கி வைப்பதற்குப் பண்ணையாளர் கேட்கும் விலைதான் உங்களை மலைக்க வைக்கிறது.

ஏரியிலிருந்து நேராக வரும் மீன்களின் வரத்தும் ஒரே சீராக இருப்பதில்லை. டாங்கன்யிகாவின் கரை புருண்டி, தான்சானியா, சாம்பியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளுக்குச் சொந்தமானது. பியர் பிரிஷார் என்பவர் 1971இல் புருண்டியில் ஏற்றுமதியைத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏரியின் மீன்கள் பரவலாக வெளியே வந்தன. 1993இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது; காங்கோ கரையிலும் அமைதி நிலைத்திருக்கவில்லை. காங்கோ பகுதியின் ஆழ்ந்த நீல ஃப்ரண்டோசாக்களுக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு அவற்றின் நிறம் பாதிக் காரணம் என்றால், அங்கே போய்ப் பிடித்து வருவதில் உள்ள சிரமம் மீதிக் காரணம்.

ஆனால் டாங்கன்யிகா என்றாலே எட்டாக்கனி என்று எண்ண வேண்டாம். காலியான நத்தைக் கூடுகளுக்குள் குடும்பம் நடத்தும் மல்டிஃபாசியாட்டஸ் ஐந்து சென்டிமீட்டரைக்கூட எட்டாத மீன். சிறிய தொட்டியிலும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். மூத்த குஞ்சுகள் தம்பி தங்கைகளைக் காவல் காக்கும் பிரிச்சார்டியும் அப்படித்தான். இவை கிடைக்கும்போது வாங்கினால், ஓராண்டில் நீங்களே பிறருக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: விக்டோரியா ஏரியின் சிக்லிட்கள் எங்குமே விற்பனைக்கு வருவதில்லையே?

பதில்: மிகக் குறைவாக வருகின்றன. இந்த ஏரியில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 500 சிக்லிட் இனங்கள் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் உணவுமீனாக விடப்பட்ட, பிற மீன்களை வேட்டையாடும் பெரிய மீனாகிய நைல் பெர்ச், 1980களில் ஏரி முழுவதும் பெருகி, அவற்றில் இருநூறு வரையான இனங்கள் அழிந்துபோகக் காரணமானது. கழிவுகளால் நீர் கலங்கியதும் சேர்ந்துகொண்டது: ஆணின் நிறத்தைப் பார்த்தே தன் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு மங்கிய நீரில் நிறம் தெரியாமல் போக, நெருங்கிய இனங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கின என்பதை ஓலே சீஹவுசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

இன்று வளர்ப்போரிடம் உள்ளவற்றில் பல, ஆய்வுக்காகவும் பாதுகாப்புக்காகவும் முன்பு கொண்டுவரப்பட்ட மீன்களின் வழித்தோன்றல்கள். சிவந்த முதுகுடைய புண்டமிலியா நியெரெரேயும், உகாண்டாவின் கியோகா ஏரிப் பகுதியைச் சேர்ந்த ஜீப்ரா ஆப்ளிக்விடென்ஸும் தேடினால் கிடைப்பவை. இன்னும் அறிவியல் பெயரே பெறாமல் 'இனம் 44' என்பது போன்ற எண்ணால் அறியப்படுபவையும் உண்டு. குஞ்சு பொரிப்பதில் இவை ம்புனாவுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பெண் மீன்களில் இனத்துக்கு இனம் வேறுபாடு தெரியாததும், கலப்பு எளிதில் நேர்வதும், ஆண் மட்டுமே அழகாக இருப்பதும் சேர்ந்துதான் வணிகத்துக்கு இவற்றை வேண்டாதவையாக ஆக்கின. அழியும் நிலையிலுள்ள நன்னீர் மீன்களை வளர்ப்போரிடையே காப்பதற்காக 2004இல் தொடங்கப்பட்ட கேர்ஸ் திட்டத்தின் பட்டியலில் விக்டோரியா பகுதி மீன்கள் நிறைய இடம்பெற்றிருக்கின்றன. வாங்கினால் ஒரு தொட்டிக்கு ஒரே விக்டோரியா இனம் என்பதில் உறுதியாக இருங்கள்.

கேள்வி: ஒரே மீன் ஒரு பட்டியலில் சூடோட்ரோஃபியஸ், இன்னொன்றில் மெட்ரியாக்ளிமா, மற்றொன்றில் மெய்லாண்டியா என்று இருக்கிறது. மூன்றும் வேறு வேறா?

பதில்: ரெட் ஜீப்ராவைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், மூன்றும் ஒன்றே. முதலாவது பழைய பெயர்; மற்ற இரண்டில் எது செல்லும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. டெமசோனி என்ற ம்புனாவும் இப்படியே சூடோட்ரோஃபியஸிலிருந்து 2016இல் சிண்டோங்கோ பேரினத்துக்கு மாற்றப்பட்டது. தேடும்போது எல்லாப் பெயர்களையும் இட்டுத் தேடுங்கள். இதைவிடக் கவனிக்க வேண்டியது, 'ஆலி' என்ற பெயரில் நெடுங்காலமாக விற்கப்படும் நீல மீன். அது உண்மையில் சிக்லிட் ஆய்வாளர் ஆட் கோனிங்ஸ் 1993இல் பெயரிட்ட சியேனோக்ரோமிஸ் ஃப்ரையரி. ஆலி என்பது வேறோர் இனம், வணிகத்தில் அபூர்வமாகவே வருவது.

கேள்வி: 'எஃப் 1', 'ஏரியில் பிடித்தது' என்ற குறிப்புகளுடன் விற்கப்படும் மீன்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? ஏரியில் பிடித்ததை வாங்குவது அந்த இனத்துக்குக் கேடு இல்லையா?

பதில்: ஏரியில் பிடித்த பெற்றோருக்குத் தொட்டியில் பிறந்த முதல் தலைமுறையே எஃப் 1. அதை உறுதிப்படுத்த விற்பவரின் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. எனவே அந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் அல்ல, சொல்பவரின் நேர்மைக்கே விலை கொடுக்கிறீர்கள். என்னைக் கேட்டால், தலைமுறை எண்ணைவிட மீன் பிடிக்கப்பட்ட இடத்தின் பெயர்தான் பயனுள்ளது. அவுலோனோகாரா ஸ்டுவர்ட்கிரான்டி என்ற ஒரே இனத்தில் உசிஸ்யா என்ற இடத்து மீன் மஞ்சள். ந்காரா என்ற இடத்து மீனோ நீல உடலில் செம்மஞ்சள் தோய்ந்தது. இடப்பெயர் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக வைத்தால் அடுத்த தலைமுறையில் இரண்டுமே இருக்காது.

கேட்டின் அளவு இனத்தைப் பொறுத்தது. நீண்ட கரையெங்கும் பரவி வாழும் ம்புனாவில் சில நூறு மீன்களைப் பிடிப்பதால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் சிண்டோங்கோ சவுலோசி, மலாவி ஏரியின் சிசுமுலு தீவுக்கு அருகே தைவான் ரீஃப் என்ற ஒரே ஒரு பாறைத்திட்டில் மட்டுமே வாழ்வது. ஆண் நீலம், பெண்ணும் குஞ்சும் மஞ்சள் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போன இந்த மீனை அங்கிருந்து பிடித்துப் பிடித்தே எண்ணிக்கையைச் சரியச் செய்துவிட்டார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. தொட்டிகளிலோ பஞ்சமே இல்லை. தொட்டியில் பிறந்த சவுலோசிகளை மீண்டும் அதே பாறைத்திட்டில் விடும் முயற்சியும் நடந்திருக்கிறது. ஏரியில் பிடித்த சவுலோசி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். தொட்டியில் பிறந்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மூன்று வளர்ப்போரின் குஞ்சுகளைச் சேர்த்து ஒரு கூட்டமாக வளருங்கள்.